இரண்டு ஆய்வகங்களில் ஒரே ஊதாப் பூஞ்சை

பர்ப்பூரியோசில்லியம் லைலாசினம் என்ற மண் பூஞ்சையைப் பற்றி இரண்டு தரப்பினர் இரண்டு விதமாகப் பேசக் கேட்டிருக்கிறேன். பயிர்ப் பாதுகாப்பில் இருப்பவர்களுக்கு அது பயிர்களின் வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழுவின் முட்டைகளை அழிக்கும் உயிரியல் மருந்து. அவர்களில் பலர் இன்றும் பேசிலோமைசிஸ் என்ற பழைய பெயரையே சொல்வார்கள். கண் மருத்துவத்தில் இருப்பவர்களுக்கோ அது எப்போதாவது தலைகாட்டி, தலைகாட்டினால் எளிதில் அடங்காத கருவிழிப் புண்ணை உண்டாக்கும் கிருமி. நான் முதலில் நூற்புழுக் கட்டுப்பாட்டுக்கான பூஞ்சைகளை வளர்த்துச் சோதிக்கும் ஆய்வகத்திலும், பின்னர் நோயாளிகளின் மாதிரிகளில் வளரும் பூஞ்சைகளை இனங்காணும் ஆய்வகத்திலும் வேலை பார்த்தவன். ஒரு தரப்பு பேசுவதை மறுதரப்பு காதில் வாங்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதால், இரண்டு இடங்களிலும் கற்றுக்கொண்டவற்றை ஒன்றாக எழுதிவைக்கிறேன்.

இந்தப் பூஞ்சை நூற்புழுவையோ மனிதனையோ நம்பிப் பிழைப்பதன்று. உழுத நிலம், காட்டு மண், மட்கும் இலைதழை, செத்த பூச்சி, நூற்புழு முட்டை என எதன்மீதும் வளரும். உயிருள்ள ஓம்புயிர் கிடைக்காத காலத்தில் மட்கும் பொருளைத் தின்றே காலம் தள்ளும். புரதத்தைக் கரைக்கும் நொதிகளும், பூச்சியின் மேலோட்டிலும் நூற்புழு முட்டையின் ஓட்டிலும் உள்ள கைட்டின் என்ற உறுதியான பொருளைக் கரைக்கும் நொதிகளும் அதனிடம் உண்டு. வெப்பநிலையில் அதற்குப் பெரிய பிடிவாதம் கிடையாது. 26 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரை நன்றாக வளரும், சில வகைகள் (ஒரே இனத்துக்குள் தனித்தனியே பிரித்தெடுத்த வளர்ப்புகள்) 37 டிகிரியையும் தாங்கும். அதை வயலுக்குப் பயனுள்ளதாக்கும் குணங்களும் நோயாளிக்கு ஆபத்தானதாக்கும் குணங்களும் பெரும்பாலும் இவையேதான். எனவே நல்ல பூஞ்சையா கெட்ட பூஞ்சையா என்ற கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. எந்த வகை, எவ்வளவு வித்து (பூஞ்சை பரவ உதவும் நுண்துகள்), எந்த வழியாக, யாருடைய உடலுக்குள் சென்றது என்ற நான்கையும் சேர்த்துக் கேட்டால்தான் விடை கிடைக்கும்.

சார்லஸ் தாம் 1910-ல் இதைப் பெனிசிலியம் பேரினத்தில் சேர்த்து விவரித்தார். 1974-ல் சாம்சன் இதைப் பேசிலோமைசிஸ் பேரினத்துக்கு மாற்றினார். 2011-ல் டிஎன்ஏ வரிசைகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, பேசிலோமைசிஸ் பேரினத்தின் முதன்மை இனமான பேசிலோமைசிஸ் வேரியோட்டியோடு இதற்கு நெருங்கிய உறவு இல்லை என்று காட்டி, பர்ப்பூரியோசில்லியம் என்ற புதிய பேரினத்தை உருவாக்கியது. அந்த ஆய்வில் இன்னொரு முடிவும் இருந்தது; இரு துறையினரும் கவனிக்க வேண்டியது அதுதான். நூற்புழுக் கட்டுப்பாட்டுக்குப் பயன்படும் வகைகளின் ஐடிஎஸ், டிஇஎஃப் ஆகிய மரபணுப் பகுதிகள், நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய மனிதர்களிடம் தொற்றை உண்டாக்கிய வகைகளின் அதே பகுதிகளோடு ஒத்திருந்தன. வித்துகளைப் பெருஞ்செறிவில் பயன்படுத்துவது அத்தகையவர்களுக்கு உடல்நல ஆபத்தாகலாம் என்று ஆய்வாளர்கள் வெளிப்படையாகவே எழுதினார்கள்.

இதைப் படித்த நாள் முதல் நான் இரண்டு அவசர முடிவுகளையும் தவிர்த்து வருகிறேன். இரண்டு மரபணுப் பகுதிகள் ஒத்திருப்பதால் வயலில் இடும் ஒவ்வொரு பொட்டலமும் நோய்க்கிருமி என்று ஆகிவிடாது. இனத்தை அடையாளம் காண்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பகுதிகள் அவை, நோயுண்டாக்கும் திறனை அளப்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை அல்ல. அதே நேரத்தில், மருத்துவமனையில் வளர்வது வேறு, வயலில் இடுவது வேறு என்று உற்பத்தியாளர்கள் சிலர் சொல்லும் ஆறுதலுக்கும் அந்த ஒப்பீடு இடம் வைக்கவில்லை.

வயல் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். 1979-ல் பெரு நாட்டில், சர்வதேச உருளைக்கிழங்கு மையத்தைச் சேர்ந்த பர்விஸ் ஜட்டாலாவும் அவருடைய சகாக்களும் வேர்முடிச்சு நூற்புழுவின் முட்டைகளை இந்தப் பூஞ்சை தாக்குவதைப் பதிவு செய்தார்கள். வேர்முடிச்சு நூற்புழுவைக் கண்ணால் பார்த்துப் போராட முடியாது. இளம்புழு வேருக்குள் நுழைந்து ஓரிடத்தில் நிலைகொள்கிறது. அதைச் சுற்றி வேர் வீங்கி முடிச்சாகிறது. முதிர்ந்த பெண்புழு வேரின் வெளிப்புறத்தில் கூழ் போன்ற பொருளைச் சுரந்து அதற்குள் சில நூறு முட்டைகளை இடுகிறது. வெதுவெதுப்பான மண்ணில் ஒரு தலைமுறை முடிய மூன்று நான்கு வாரங்களே போதும். பயிர் வாடுவதைப் பார்த்து நீர்ப் பற்றாக்குறை என்றோ உரப் பற்றாக்குறை என்றோ நினைத்துக்கொண்டிருக்கும் காலத்துக்குள் அடுத்த தலைமுறை வேருக்குள் போயிருக்கும்.

வேரைப் பிடுங்கி, மெதுவாகக் கழுவி, ஃப்ளாக்சின் பி என்ற சாயத்தில் சற்று நேரம் வைத்தால் முட்டைத்திரள்கள் மட்டும் சிவப்பேறி, வெளிறிய வேரின்மேல் புள்ளி புள்ளியாகத் தெரியும். அவற்றுள் ஒன்றை ஊசிமுனையால் எடுத்து நீர்த்த சோடியம் ஹைப்போகுளோரைட்டில் குலுக்கினால் கூழ் கரைந்து முட்டைகள் தனித்தனியே உதிரும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நீளம் இருக்கும். நல்ல முட்டைக்குள் புழு மடிந்து சுருண்டு கிடப்பதும் அவ்வப்போது அசைவதும் நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரியும். பூஞ்சை தொற்றிய முட்டையில் முதலில் இழைகள் ஓட்டின்மேல் படர்ந்து பின்னுகின்றன; சில இடங்களில் இழையின் நுனி லேசாகப் பருத்து ஓட்டோடு அழுந்தி ஒட்டிக்கொள்கிறது. பிறகு உள்ளே இருந்த ஒழுங்கு குலைகிறது. கரு சிறுசிறு குமிழிகளாக மாறி, இழைகள் உள்ளே நிரம்பி, கடைசியில் முட்டைக்கு வெளியே வித்துத் தாங்கிகள் எழுகின்றன.

முட்டை ஓட்டில் புரதம், கைட்டின், கொழுப்பு என வெளியிலிருந்து உள்ளாக மூன்று அடுக்குகள் உண்டு. பூஞ்சையின் புரதம் கரைக்கும் நொதியும் கைட்டின் கரைக்கும் நொதியும் முதல் இரண்டையும் உடைத்து வழி உண்டாக்குகின்றன. கரு வளராத இளம் முட்டைகள்தான் எளிதில் பலியாகின்றன. உள்ளே புழு உருவாகிவிட்ட முட்டைகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. வேருக்குள் ஏற்கெனவே நுழைந்துவிட்ட புழுவைப் பூஞ்சையால் துரத்திப் பிடிக்க முடியாது. இந்தச் சிறு விவரம் விளங்காததால்தான் பலர் இந்தப் பூஞ்சையை முயன்று பார்த்து, வேலை செய்யவில்லை என்று கைவிடுகிறார்கள். முடிச்சு கண்ட பிறகு இட்டால் அந்தப் பருவத்துச் செடிக்குப் பெரிய பலன் கிடைக்காது. நாற்றங்கால் மண்ணிலும், நடுவதற்குச் சில நாட்களுக்கு முன்பே வயல் மண்ணிலும் இட வேண்டும். நன்கு மக்கிய எருவோடு கலந்து இட்டால் முட்டை கிடைக்காத நேரத்திலும் பூஞ்சை உயிர்வாழ அது ஆதாரமாகிறது. மண்ணில் ஈரம் நிற்க வேண்டும். பூஞ்சைக்கொல்லியை அதே நேரத்தில் அதே இடத்தில் ஊற்றக் கூடாது. இவை எல்லாம் சரியாக இருந்தாலும் நூற்புழு முற்றாக ஒழியாது, அடுத்த தலைமுறையின் எண்ணிக்கைதான் குறையும். அதை முன்கூட்டியே சொல்லிவிடுவதே விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நல்லது.

வாங்கும் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்பது அடுத்த சிக்கல். டால்க் தூளில் கலந்த வித்துகளை நாங்கள் படிப்படியாக நீர்த்துத் தட்டில் பரப்பி, முளைத்த குழுமங்களை (ஒரு வித்திலிருந்து திரண்டு வளரும் பூஞ்சைத் திட்டுகளை) எண்ணுவோம். லேபிளில் அச்சிட்ட எண்ணிக்கைக்கும் தட்டில் வளரும் எண்ணிக்கைக்கும் இடையே பெரிய இடைவெளி இருப்பதைப் பார்த்திருக்கிறேன். வெயிலில் கிடந்த, காலாவதி நெருங்கிய சரக்கில் அந்த இடைவெளி இன்னும் கூடும். அதைவிடக் கவலை தருவது, அறிவிக்கப்பட்ட பூஞ்சையோடு வேறு பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் சேர்ந்து வளர்வது. ஆஸ்பெர்ஜில்லஸ் இனங்கள் கலந்திருந்தால் விளைவு பலன் குறைவதோடு நிற்காது. நாம் கேட்காத ஒரு நோய்க்கிருமியையும் சேர்த்தே தூவுகிறோம். ஆகவே வகையின் பெயர் அல்லது எண், உயிருள்ள வித்துகளின் எண்ணிக்கை, தயாரித்த நாள், காலாவதி நாள் ஆகிய நான்கும் அச்சிடப்படாத பொட்டலத்தை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

வகை எண்ணை முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. பிலிப்பைன்ஸில் நூற்புழு முட்டையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட 251 என்ற வகை, மனித உடலின் வெப்பநிலையில் வளராதது என்ற அடிப்படையில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீட்டுக்கு உட்பட்டுப் பதிவு பெற்றது. அந்த மதிப்பீடு அந்த வகைக்கு மட்டுமே பொருந்தும். அதே இனத்தின் பெயரைத் தாங்கி, எங்கோ ஒரு வயலில் பிரித்தெடுத்து, எந்த வெப்பநிலைச் சோதனையும் செய்யாமல் பெருக்கிய இன்னொரு வகைக்கு அதை நீட்டிக்க முடியாது. சோதனையோ மிக எளிது. ஒரே வகையை இரண்டு தட்டுகளில் விதைத்து ஒன்றை 28 டிகிரியிலும் மற்றொன்றை 37 டிகிரியிலும் வைத்தால் ஒரு வாரத்தில் விடை தெரிந்துவிடும். 37-ல் நன்றாக வளரும் வகையை வயலுக்கு அனுப்பாமல் ஒதுக்கிவைப்பது உற்பத்தியாளர் செய்யக்கூடிய மிக மலிவான பாதுகாப்பு. ஆனாலும் இதை முழுக் காப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கருவிழியும் தோலும் உடலின் உட்பகுதியை விடக் குளிர்ச்சியானவை, கண்ணின் மேற்பரப்பு ஏறத்தாழ 34 டிகிரிதான்.

தூளைக் கையாள்வதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் தொழிலாளிகள் வித்துகளை மிக அதிகமாக எதிர்கொள்வது இங்கேதான். இந்தப் பூஞ்சையின் வித்து ஒவ்வொன்றும் இரண்டு மூன்று மைக்ரோமீட்டர் அளவே இருக்கும். மூச்சுக்குழலின் நுனி வரை செல்லக்கூடிய அளவு அது. வேகவைத்துக் கிருமி நீக்கிய தானியத்தில் வளர்த்த பூஞ்சையை உலர்த்தி அரைக்கும்போது எழும் தூசு சன்னல் வழியாக விழும் வெளிச்சத்தில்தான் கண்ணுக்குத் தெரியும்; வெளிச்சம் விலகினால் அறை சுத்தமாக இருப்பதாகவே தோன்றும். கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு தூள் கலக்குபவர்களை எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறேன். துணி இந்த அளவு வித்தைத் தடுக்காது. என்95 தரத்து முகக்கவசம், பக்கங்களும் மூடிய கண்ணாடி, கையுறை, முழுக்கை உடுப்பு ஆகியவை வேண்டும். தூளை உலர்நிலையில் வீசாமல் முதலில் சிறிது நீரில் குழைத்துப் பிறகு கரைக்க வேண்டும். காற்று வீசும் திசைக்கு எதிரே நின்று தூவக் கூடாது. நாளடைவில் தும்மலும் மூச்சிரைப்பும் வேலை நாட்களில் மட்டும் வருவதாகக் கூறுபவர்களை ஒவ்வாமைக்கான மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். தொற்று வராவிட்டாலும் ஒவ்வாமை வரலாம்.

கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் இந்த வேலைக்கு அதைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி அணிந்து வர வேண்டும் என்பதை நான் வேண்டுகோளாகச் சொல்வதில்லை, விதியாகவே சொல்வேன். உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு உட்கொள்பவர்கள், வெள்ளை அணு குறைந்தவர்கள் ஆகியோர் தூள் கலக்கும் இடத்தில் இருக்கவே கூடாது. இதைக் கேட்டு ஒருமுறை உற்பத்திக் கூடத்தின் மேற்பார்வையாளர், “இது இயற்கை மருந்துதானே சார், ரசாயனம் இல்லையே, இவ்வளவு கெடுபிடி எதற்கு?” என்று கேட்டார். ரசாயனம் உடலுக்குள் போனால் அளவில் கூடாது, பூஞ்சை போனால் பெருகும் என்று சொன்னேன். அன்று முதல் முகக்கவசம் இல்லாமல் அரவை அறையைத் திறக்க அவர் விடவில்லை.

மருத்துவ ஆய்வகத்துக்கு மாறிய பிறகு இதே பூஞ்சையை நான் சந்தித்த விதம் வேறு. பூஞ்சைக் கருவிழிப் புண்களில் பெரும்பாலானவை ஃபுசேரியம், ஆஸ்பெர்ஜில்லஸ் ஆகிய இரண்டால் வருபவை. இந்தப் பூஞ்சை அரிய விருந்தாளி. மறக்க முடியாத ஒரு மாதிரி, கான்டாக்ட் லென்ஸ் அணியும் ஓர் இளைஞருடையது. வேறிடத்தில் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தைச் சில வாரங்கள் போட்டுக்கொண்டிருந்தார். முதலில் சிவப்பும் வலியும் குறைந்ததுபோல் இருந்து, பிறகு கருவிழியின் நடுவே சாம்பல் நிறப் படலம் ஆழமாகப் பரவியிருந்தது. கான்டாக்ட் லென்ஸ், கண்ணில் பட்ட காயம், ஸ்டீராய்டு சொட்டு மருந்து ஆகியவை இந்தப் பூஞ்சையால் வரும் கருவிழிப் புண்ணோடு அடிக்கடி சேர்ந்து காணப்படுபவை. கண் மருத்துவர் புண்ணின் விளிம்பைச் சுரண்டி அனுப்பியிருந்தார்.

திசுவைக் கரைத்துப் பூஞ்சையை மட்டும் காட்டும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு இட்டு நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்த்தபோது நிறமற்ற, குறுக்குச் சுவர் கொண்ட, கிளைத்த இழைகள் தெரிந்தன. அந்த நிலையில் பூஞ்சை என்று மட்டும்தான் சொல்ல முடியும், எந்தப் பூஞ்சை என்று சொல்ல முடியாது. இவற்றைப் பார்த்தே ஆஸ்பெர்ஜில்லஸ் என்று அறிக்கை எழுதும் பழக்கம் ஆபத்தானது. பூஞ்சை வளர்க்கும் ஊடகமான சபராட் டெக்ஸ்ட்ரோஸ் அகாரில் மூன்றாம் நாள் வெள்ளைக் குழுமம் எழுந்தது. சுரண்டிய பொருளை அகாரின்மேல் கோடிட்ட அதே வரிசையில், ஒவ்வொரு கோட்டின் மீதும் அது வளர்ந்திருந்தது. காற்றிலிருந்து விழுந்த வித்து அப்படி வரிசை பார்த்து வளராது. கோட்டுக்கு வெளியே எங்காவது ஒரு மூலையில் ஒற்றைக் குழுமமாக நிற்கும். இரண்டாவது தட்டிலும் அதே பூஞ்சை, நேரடிப் பரிசோதனையிலும் இழைகள் என்று மூன்றும் ஒன்றையே சொல்லும்போது, மண் பூஞ்சைதானே, மாசாக இருக்கும் என்று தூக்கிப்போட இடமே இல்லை.

நிறம் உடனே வருவதில்லை என்பதுதான் இந்தப் பூஞ்சையில் பொறுமையைச் சோதிப்பது. முதலில் வெள்ளை, வித்துகள் முதிர முதிர நடுவிலிருந்து மெல்லிய இளஞ்சிவப்பு கலந்த ஊதா ஏறுகிறது. ஒட்டும் நாடாவால் தொட்டெடுத்து லாக்டோபீனால் காட்டன் புளூ என்ற சாயத்தில் பார்த்தால், சொரசொரப்பான சுவர் கொண்ட வித்துத் தாங்கியின்மேல் அடுக்கடுக்காக ஃபியலைடுகள் என்ற, வித்துகளை உண்டாக்கும் செல்கள் நிற்பதும், ஒவ்வொன்றின் கழுத்தும் மெலிந்து நீண்டிருப்பதும், அதிலிருந்து வித்துகள் சங்கிலியாக இறங்குவதும் தெரியும். அவசரத்தில் பார்ப்பவர் பெனிசிலியம் என்று எழுதிவிடுவார். ஃபுசேரியம் குழுமங்களிலும் ஊதா நிறம் வருவதுண்டு. அங்கே அரிவாள் வடிவப் பெருவித்துகளைத் தேட வேண்டும். பேசிலோமைசிஸ் வேரியோட்டியின் குழுமம் ஒருபோதும் ஊதாவாகாது, மஞ்சள் கலந்த பழுப்பாகவே இருக்கும். வெப்பத்தை அது மிக நன்றாகத் தாங்கும்.

இந்த வேறுபாடுகளை வகைப்பாட்டு நிபுணர்களின் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடக் கூடாது, ஏனெனில் மருந்து இவற்றைப் பொறுத்தே மாறுகிறது. வேரியோட்டி பொதுவாக ஆம்போடெரிசின் பி மருந்துக்குக் கட்டுப்படும். லைலாசினம் இயல்பிலேயே அதற்குக் கட்டுப்படுவதில்லை. ஃபுசேரியம் கருவிழிப் புண்ணில் வோரிகோனசோலை விட நேட்டமைசின் சொட்டு நல்ல பலன் தருவதை 2013-ல் வெளியான ஒரு பெரிய மருத்துவ ஆய்வு காட்டியது; லைலாசினத்துக்கோ வோரிகோனசோலும் போசகோனசோலும்தான் பொதுவாக நம்பத்தக்கவை. ஆகவே ஃபுசேரியத்தை இது என்றோ, இதை ஃபுசேரியம் என்றோ எழுதினால் கண் மருத்துவரின் கையில் தவறான மருந்தைக் கொடுத்ததாக ஆகும். பழைய பெயரில் பேசிலோமைசிஸ் இனம் என்று மட்டும் எழுதி அனுப்பும் அறிக்கையும் ஏறத்தாழ அதே அளவு பயனற்றது, ஏனெனில் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் எதிரெதிரான இரண்டு மருந்துக் குணங்கள் அடங்கியிருக்கின்றன.

அந்த இளைஞரின் தட்டில் ஊதா தலைகாட்டிய அன்றே கண் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, “டாக்டர், முழு அறிக்கை வர இன்னும் நாளாகும், ஆனால் இது லைலாசினமாக இருக்கவே வாய்ப்பு அதிகம், ஆம்போடெரிசினை நம்பியிருக்க வேண்டாம்” என்று சொன்னேன். அவர் அன்றே வோரிகோனசோல் சொட்டுக்கும் மாத்திரைக்கும் மாற்றினார். மரபணு வரிசை பின்னர் இனத்தை உறுதி செய்தது. புண் ஆற நெடுநாள் பிடித்தது; கண் பிழைத்தது, நடுவே தழும்பு நின்றது. எல்லோருக்கும் இந்த அளவாவது வாய்ப்பதில்லை. தாமதமாக வருபவர்கள் சிலருக்குக் கருவிழி மாற்று அறுவை தேவைப்படுகிறது, தொற்று கண்ணுக்குள் இறங்கிவிட்டால் பார்வையே போய்விடுவதும் உண்டு. பூஞ்சையை விலக்காமல் கண்ணில் ஸ்டீராய்டு சொட்டு போடக் கூடாது என்பதையும், அதை மருந்துச் சீட்டு இல்லாமல் தானாக வாங்கிப் போடவே கூடாது என்பதையும் எத்தனை முறை சொன்னாலும் தகும்.

மருந்து உணர்திறன் சோதனையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இந்தப் பூஞ்சைக்கு, இந்த அளவுக்குக் கீழே இருந்தால் கட்டுப்படும் என்று அறுதியிட்டுச் சொல்லும் அதிகாரபூர்வமான வரம்பு கிடையாது. ஆகவே குறைந்தபட்சத் தடுப்புச் செறிவை, அதாவது பூஞ்சை வளர்வதைத் தடுக்கும் மிகக் குறைந்த மருந்தளவை, எண்ணாகவே எழுதி அனுப்புவேன். கட்டுப்படும், கட்டுப்படாது என்ற முத்திரையைக் குத்த மாட்டேன். எண்ணைப் படித்து முடிவெடுப்பது மருத்துவரின் பொறுப்பு.

கண்ணுக்கு அடுத்தபடியாக இந்தப் பூஞ்சை தோலைத்தான் தாக்குகிறது, அதிலும் நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களின் தோலை. சிறிய வெடிப்பு, கீறல், ஊசி ஏற்றிய இடம் ஆகியவை போதும். வரலாற்றில் பதிவான இரண்டு பெரிய நிகழ்வுகளை நான் புதிதாக வருபவர்களுக்கு மறக்காமல் சொல்வதுண்டு. 1975-76 காலத்தில் அமெரிக்காவில், கண்ணுக்குள் பொருத்தும் செயற்கை வில்லைகளைக் காரத்தில் வைத்துக் கிருமி நீக்கிய பிறகு காரத்தை முறிக்கப் பயன்படுத்திய சோடியம் பைகார்பனேட் கரைசலில் இந்தப் பூஞ்சை கலந்திருந்தது. அந்த வில்லைகளைப் பொருத்திக்கொண்டவர்களுக்குக் கண்ணுள் அழற்சி வந்தது. 1990-களில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், இரத்தப் புற்றுநோய் சிகிச்சைப் பிரிவில் பயன்படுத்திய தோல் தைலம் ஒன்று மாசடைந்திருந்ததால் நோயாளிகளிடையே தொற்று பரவியது. இரண்டிலும் பூஞ்சையை மண்ணிலிருந்து நோயாளியின் உடல் வரை சுமந்து சென்றவை, கிருமியற்றவை என்று எல்லோரும் நம்பிய கரைசலும் தைலமும்தாம். ஆகவே ஒரே பிரிவில் அடுத்தடுத்து இரண்டு நோயாளிகளிடம் இந்தப் பூஞ்சை வளர்ந்தால், தற்செயல் என்று விட்டுவிடாமல், அந்தப் பிரிவில் திறந்து வைத்திருக்கும் புட்டிகளையும் களிம்புகளையும் வளர்ப்புக்கு எடுக்கச் சொல்வேன்.

நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவரின் இரத்த வளர்ப்பில் இது வந்தாலும் தற்செயல் என்று விட்டுவிடக் கூடாது. பல இழைப் பூஞ்சைகள் இரத்தத்தில் வளர்வதில்லை. ஆனால் லைலாசினம், ஃபுசேரியம், அக்ரிமோனியம் போன்றவை திசுவுக்குள்ளேயே வித்துகளை உண்டாக்குவதால் அவை இரத்த ஓட்டத்தில் பரவி வளர்ப்புப் புட்டியில் கிடைக்கின்றன. திசு அறுவை மாதிரியில் இழையோடு சேர்ந்து வித்துகளும் தெரிந்தால் அதை அறிக்கையில் குறிப்பிடத் தவறக் கூடாது.

மறுபுறம், மாசும் உண்மைதான். சளியிலோ, காலணிக்குள் இருந்த நகத்திலோ, வளர்ப்புத் தட்டின் ஓரத்தில் ஒற்றைக் குழுமமாக இது வந்து, நேரடிப் பரிசோதனையில் எதுவும் தெரியாவிட்டால், மறு மாதிரி கேட்பேன். மறு மாதிரியிலும் வராவிட்டால் நோய்க் காரணியாகக் கொள்வதில்லை. ஆய்வக அறையில் திறந்த அகார் தட்டுகளை அவ்வப்போது ஒரு மணி நேரம் வைத்து, காற்றில் என்ன இருக்கிறது என்று பார்த்துக் குறித்துவைப்பது இந்த முடிவுக்குப் பெரிதும் உதவும். ஒரே வளாகத்தில் உயிரியல் மருந்து உற்பத்தியும் மருத்துவப் பரிசோதனையும் நடந்தால் காற்றோட்டம், உடுப்பு, கருவிகள் எதுவும் பொதுவாக இருக்கக் கூடாது. முதிர்ந்த குழுமம் உள்ள தட்டை உயிர்ப் பாதுகாப்புப் பெட்டிக்குள் மட்டுமே திறக்க வேண்டும். மூடியை லேசாகத் தூக்கி முகர்ந்து பார்க்கும் பழைய பழக்கம் சில ஆய்வகங்களில் இன்னும் இருக்கிறது, அதை அடியோடு நிறுத்த வேண்டும்.

இந்தப் பூஞ்சையின் பயன் நூற்புழுவோடு நிற்பதில்லை. அது சுரக்கும் லூசினோஸ்டேட்டின் என்ற பெப்டைடுகள் பாக்டீரியாக்கள் சிலவற்றையும் பூஞ்சைகளையும் தடுப்பவை. 2016-ல் வெளியான மரபணுத்தொகுதி ஆய்வு அவற்றைத் தயாரிக்கும் மரபணுக் கூட்டத்தைக் கண்டறிந்து, செடிகளை அழுகச் செய்யும் ஃபைட்டோஃப்தோராவை அவை கட்டுப்படுத்துவதையும் காட்டியது. அவை பாலூட்டிகளின் செல்களுக்கும் நச்சானவை என்பதால், ஒரு வகையைத் தேர்ந்தெடுக்கும்போது 37 டிகிரி சோதனையோடு நச்சுச் சோதனையையும் கேட்பது நியாயம்தான். புரதம் கரைக்கும் நொதிகளைத் தனியே பிரித்துப் பயன்படுத்தும் முயற்சிகளும் நடக்கின்றன. உயிருள்ள வித்தைத் தூவுவதை விட, தேவையான பொருளை மட்டும் பிரித்தெடுத்துப் பயன்படுத்துவது மருத்துவப் பக்கத்தின் கவலையைப் பெருமளவு குறைக்கும் என்பது என் கருத்து; ஆனால் மண்ணில் தானே பெருகி நிலைக்கும் பூஞ்சையின் வசதி அதில் இருக்காது.

இப்போதெல்லாம் கருவிழிச் சுரண்டல் படிவத்தில், தொழில் என்ற கட்டத்துக்குக் கீழே கூடுதலாக ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: உயிரியல் பூஞ்சைக் கரைசலோ தூளோ கையாண்டதுண்டா, அதன் வகை எண் என்ன. பொட்டலத்தை எடுத்துவர முடிந்தால் எடுத்துவரச் சொல்கிறோம். கண்ணில் வளர்ந்த பூஞ்சையையும் பொட்டலத்தில் வளர்ந்த பூஞ்சையையும் இரண்டு தனிக் குழாய்களில் அதே எண்ணிட்டுச் சேமித்துவைத்தால், பின்னொரு நாள் இரண்டையும் முழு மரபணுத்தொகுதி அளவில் ஒப்பிட முடியும். ஒன்றை எறிந்துவிட்டால் அந்த ஒப்பீட்டுக்கு வழியே இராது.